இஞ்சி பிஸ்கட்காரி

லம்பிரினிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பிறக்கும்போதே அப்படி இல்லை. சனிக்கிழமைகள்தான் அவளை அப்படி ஆக்கின.

லெஃப்காதா தீவின் படகுத்துறையில், வாடகைப் பாய்மரப் படகுகளை விருந்தாளிகளிடம் ஒப்படைத்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொள்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. சனிக்கிழமை காலையில் படகுகள் ஒவ்வொன்றாக வந்து பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டி நிற்கும். மூக்குத் தோல் உரிந்த ஒரு ஜெர்மன்காரர் இறங்கி வருவார். "அடியில எங்கயும் தட்டவே இல்லை" என்பார். யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்காமல் பதில் சொல்கிறவரின் படகுக்குக் கீழேதான் லம்பிரினி முதலில் ஆளை முங்கிப் பார்க்கச் சொல்வாள். போய்ப் பார்த்தால் அடிக்கட்டை முள்ளங்கி சீவியது மாதிரி இருக்கும்.

மெத்தையைத் தூக்கிப் பார்ப்பாள். முள்கரண்டியை எண்ணுவாள். தேனிலவு என்று சொல்லி வந்தவர்கள் இரண்டு அறையில் படுத்திருந்தால் விரிப்பைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். குமட்டல் வந்தால் அடிவானத்தைப் பாருங்கள் என்று எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சொல்லி, அதைக் கேட்காதவர்களின் வாந்தியைத் துடைத்தவளும் அவள்தான்.

ஆனால் இத்தனை படகைத் துடைத்தவள் ஒரு படகிலும் ஏறி எங்கும் போனதில்லை. துறைக்குள்ளே ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு நகர்த்துவாள், அவ்வளவுதான். அதற்குக் காரணம் அவள் புருஷன் ஸ்தாதிஸ். அதே கம்பெனியில் இஞ்சின் மெக்கானிக். அவனுடைய அப்பா முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் மூத்த மாலுமியாக இருந்து உலகத்தைச் சுற்றியவர். அந்த உலகத்தை ஸ்தாதிஸ் காப்பிக்கடையில் உட்கார்ந்து இன்னொரு முறை சுற்றுவான். லம்பிரினி "நாமளும் ஒரு தடவை படகுல போலாமே" என்று கேட்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவான்.

"ஆறு நாளும் படகுக்குள்ளதானே கிடக்கிறேன். ஏழாவது நாளும் அதையே பாக்கணுமா?"

ஒரு வருஷம் முதுகுவலி. ஒரு வருஷம் மாமன் சாவு. அந்த மாமன் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை செத்தார். லம்பிரினி கவனித்தாள், விட்டுவிட்டாள். கல்யாணத்தில் இதெல்லாம் தேய்மானம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவன்தான் போன ஆகஸ்டில், மத்தியானச் சாப்பாட்டில், பீன்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"அக்டோபர்ல நமக்கு இருபத்தஞ்சு வருஷம் முடியுது. கலீனி படகைத் தர்றேன்னு முதலாளி சொல்லிட்டாரு. அஞ்சு நாள் போய்ட்டு வரலாம். எங்கேன்னு நீ சொல்லு."

லம்பிரினி கரண்டியைக் கீழே வைத்தாள். சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு ஒரு அடி முன்னால் சந்தேகம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டது. இவன் ஏன் இதைக் கேட்காமலே சொல்கிறான்?

வரைபடத்தை மேஜையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு காப்பிக் கோப்பை வைத்தாள். இருபத்தைந்து வருஷமாக மனசில் போய்வந்த இடங்கள். பட்டியல் கேட்கவா வேண்டும்.

"பாக்ஸோஸ்."

"அக்டோபர்ல அங்க எல்லாத்தையும் மூடிடுவான். ரொட்டி கூடக் கிடைக்காது."

"சரி, ஃபிஸ்கார்தோ."

"அங்க கூட்டம். படகு கட்ட இடமே இருக்காது."

"அக்டோபர்லயா?"

"அக்டோபர்லதான் கூட்டமே."

"பாக்ஸோஸைப் பூட்டிட்டு எல்லாரும் ஃபிஸ்கார்தோ வந்து நிக்கிறாங்களோ?"

ஸ்தாதிஸ் ரொட்டியைக் கிழித்தான்.

"இத்தாக்கி?"

"அங்க நங்கூரம் பிடிக்காது. அடியெல்லாம் புல்லு."

"ஊர் உலகமே அங்கதான் நங்கூரம் போடுது."

"போடறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்."

பிறகு வரைபடத்தின் மேல் அவன் விரல் மெதுவாக நகர்ந்தது. தற்செயலாகப் போவது மாதிரி போய், பெரிய தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்கடலில் கிடக்கும் ஒரு சின்னத் துண்டின் மேல் நின்றது. "கஸ்தோஸ் எப்படி? சும்மா சொன்னேன்."

கஸ்தோஸில் ஒரு ஊர், ஒரு துறை, மூன்று சாப்பாட்டுக்கடை. வெள்ளிவிழாவுக்குப் போகிற இடமா அது? லம்பிரினிக்கு அந்த 'சும்மா' காதில் விழுந்த விதம், 'அடியில் தட்டவே இல்லை' விழுகிற விதம்தான்.

அடுத்த சனிக்கிழமை, மற்ற படகையெல்லாம் முடித்துவிட்டுக் கலீனிக்குள் இறங்கினாள். கலீனி கிழட்டுப் படகு. வேறு எதுவும் இல்லாவிட்டால்தான் வாடகைக்குப் போகும். கோடை முழுக்கக் கட்டியே கிடந்தது. அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

முதலில் வழிகாட்டும் திரையைப் போட்டுப் பார்த்தாள். படகு போன தடமெல்லாம் அதில் கோடாக நிற்கும். போன வருஷத்துக் கோடு கூட ஒன்றும் இல்லை. தினமும் சமைக்கிற வீட்டில் அடுப்படி மட்டும் பளபளவென்று இருந்தால் எப்படியோ, அப்படி இருந்தது. யாரோ அழித்திருக்கிறார்கள்.

பிறகு எண்ணெய் மாற்றுகிற நோட்டைப் புரட்டினாள். அதில் இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மெக்கானிக் எழுதிவைக்க வேண்டும். ஸ்தாதிஸின் கையெழுத்து. புதன்கிழமை, ஏழு மணி நேரம். அடுத்த புதன்கிழமை, ஏழு மணி நேரம். இப்படிப் பன்னிரண்டு புதன்கிழமை. வீட்டில் அவளிடம், "கலீனி இஞ்சினை அரை மணி போட்டுப் பாத்தேன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தான். புதன்கிழமை அவள் மலைமேல் இருக்கும் கரியாவுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிற நாள். திரையை அழிக்கத் தெரிந்தவனுக்கு நோட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. பெண்டாட்டியிடம் பொய் சொல்வான், இஞ்சினிடம் சொல்ல மாட்டான்.

கஸ்தோஸ் போய்வர ஏழு மணி நேரம் ஆகும்.

மெத்தையைத் தூக்கினாள். மெத்தைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் இரண்டு மணிக்கட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் குமிழ். நரம்பை அழுத்திக் குமட்டலை நிறுத்துகிற பட்டைகள். விருந்தாளிகள் வாராவாரம் விட்டுப்போகிற சாமான்தான், ஆனால் கலீனியில் விருந்தாளியே வரவில்லையே. பக்கத்துப் பெட்டியில் ஒரு தகர டப்பா, உள்ளே வீட்டில் சுட்ட இஞ்சி பிஸ்கட். ஸ்தாதிஸுக்கு இஞ்சி வாசனையே ஆகாது. அதற்கும் கீழே காய்ந்த எலுமிச்சைத் தோல்.

லம்பிரினி படுக்கை விளிம்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விடை உடனே வந்தது. ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.

அழுகை வரவில்லை. அதற்கு முன்னால் கோபம் வந்தது. அந்தக் கோபமும் விசித்திரமான கோபம். இருபத்தைந்து வருஷம் கெஞ்சினவளைக் கரையில் விட்டுவிட்டு, கடலே ஆகாத ஒருத்தியைப் பன்னிரண்டு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறானே.

அரேத்தியிடம்தான் சொன்னாள். அரேத்தி படகு விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற சலவை வேன்காரி. அதைவிட முக்கியம், இவர்கள் கல்யாணத்தில் இரண்டு பேர் தலையிலும் பூமுடியை வைத்து மும்முறை மாற்றின தோழி அவள்தான். அந்த முடிகள் இரண்டும் இன்றும் கட்டிலுக்கு மேலே கண்ணாடிப் பெட்டியில் ஒரே நாடாவில் கட்டிக் கிடக்கின்றன.

"உன் புருஷன் மூஞ்சிக்கு ஒருத்தி சிக்கினான்னா, முதல்ல அவ கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் அரேத்தி.

"விளையாடாதடீ."

"விளையாடலை. வேலையைச் சுலபமாக்கறேன். வாந்தி எடுக்கறவதான் வேணும்னா பாதி ஊரை வடிகட்டிடலாம். துறைமுக ஆபீஸ்ல கிளியோன்னு ஒருத்தி இருக்காளே, அவளா?"

"அவ புயல்லயே ஆம்லெட் தின்னவ."

அரேத்தி ஸ்டியரிங்கில் விரலால் தட்டினாள். தட்டுவது சட்டென்று நின்றது. "கஸ்தோஸ்ல வாஸோன்னு ஒருத்தி. சாப்பாட்டுக்கடை வெச்சிருக்கா. அவ மேஜை விரிப்பெல்லாம் என்கிட்டதான் வருது. நாலு வருஷம் முன்ன புருஷன் போய்ட்டான். பல்லு பிடுங்க ஒரு தடவை படகுல இந்தப் பக்கம் வந்தா. வர்ற வழியெல்லாம் வாந்தி. பல்லு பிடுங்கினதே பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போனா."

"நான் பாக்ஸோஸ்தான்னு சொல்லப் போறேன்" என்றாள் லம்பிரினி. "இருக்கிறதுலயே தூரம், முழுக்கத் திறந்த கடல். கஸ்தோஸுக்கு நேர் எதிர்ப் பக்கம். மாட்டேன்னு அவன் சொன்னா, அந்தக் கண்ணாடிப் பெட்டியை இறக்கி உன் வேன்ல வெச்சுடறேன். நீ வெச்ச முடி, நீயே எடுத்துட்டுப் போ."

"சரின்னு சொன்னா?"

"கடலுக்கு நடுவுல வெச்சுக் கேக்கறேன். அங்கேர்ந்து எங்க ஓடுவான்?"

ஸ்தாதிஸ் மூன்று நாள் எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள், கை கழுவிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான். "பாக்ஸோஸே போலாம். ஆனா காலையில சீக்கிரம் கிளம்பணும்." லம்பிரினிக்கு நிம்மதி வரவில்லை. மூன்று நாள் யாரிடம் கேட்டுவிட்டு வந்தான்?

அக்டோபரில் கடைசிப் படகையும் வாங்கி வைத்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை கிளம்பினார்கள். வடக்கே போக வேண்டுமென்றால் கால்வாயின் மிதவைப் பாலம் திறக்க வேண்டும். அது மணிக்கு ஒரு தடவைதான் திறக்கும். எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. பாலம் மெதுவாக நகர்ந்து வழிவிட்டது. சக்கரம் ஸ்தாதிஸ் கையில். காப்பிக்கடைக்காரன் கரையிலிருந்து கத்தினான்.

"என்ன மாலுமி மகனே, உலகத்தைச் சுத்தவா?"

"பாக்ஸோஸுக்கு" என்றான் ஸ்தாதிஸ். குரலில் உப்பே இல்லை.

கால்வாயைத் தாண்டியதும் கடல் மூச்சு விட்டது. காற்று அதிகமில்லை. முந்தின நாள் வீசிய வடமேற்குக் காற்றின் மிச்சம், பெரிய பெரிய அலையாக, சத்தமில்லாமல் வந்து படகைத் தூக்கித் தூக்கி இறக்கியது. லம்பிரினி கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பயமில்லை. கல்யாண நாளன்று தேவாலயப் படியில் நின்றாளே, அது மாதிரி. இதைத்தானா எனக்கு இத்தனை வருஷமாகக் காட்டவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்போடு கேள்வியும் தொண்டைக்கு வந்தது.

கேட்கத் திரும்பியவள் அவன் காதைப் பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கண் அடிவானத்தில் ஆணியடித்தாற்போல் நின்றது. அப்படிப் பார்க்கச் சொல்லி அவள் யாருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாளோ, அவர்களெல்லாம் வாந்திக்கு முன்னால் கடைசியாகப் பார்க்கிற பார்வை அது. பிறகு ஸ்தாதிஸ் சட்டைப்பைக்குள் கையை விட்டான். சாம்பல் நிறப் பட்டையை எடுத்து, ஜாக்கெட் கைக்குள் மறைத்து மறைத்து, ஒன்றை இடது மணிக்கட்டிலும் ஒன்றை வலது மணிக்கட்டிலும் மாட்டினான். கச்சிதமாகப் பொருந்தின.

"அது யாருது?" என்றாள்.

"என்னுது."

சொல்லி முடித்ததும் சக்கரத்தை விட்டுவிட்டு விளிம்புக்குப் போனான். காற்று போகிற பக்கமாகப் பார்த்துத்தான் குனிந்தான். புதிதாக வாந்தி எடுக்கிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது, மூஞ்சியிலேயே வாங்கிக்கொள்வான். இவன் பழகின ஆள்.

லம்பிரினி ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள். மனசுக்குள் இரண்டு மாசமாகக் கட்டி வைத்திருந்த வழக்கு ஒரே வீச்சில் தலைகீழானது. இருந்தும் பழக்கதோஷம், முழுசாக நம்ப முடியவில்லை.

"எத்தனை நாளா?"

"எட்டு வயசுலேர்ந்து." அவன் வாயைத் துடைத்தான். "அப்பா ஒரு தடவை கப்பல்ல கூட்டிட்டுப் போனாரு. துறையைத் தாண்டறதுக்குள்ள இறக்கி விட்டுட்டாரு. வெளியில சொல்லாதேன்னாரு. நானும் சொல்லலை."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முக்கியமா."

"அப்போ செத்துப்போன மாமன்?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு."

அலை இன்னொரு முறை தூக்கியது. அவன் மறுபடி குனிந்தான். லம்பிரினி அவன் முதுகைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வெட்கத்தைக் காப்பாற்ற இந்த மனுஷன் அவளுடைய இருபத்தைந்து கோடையைக் கரையிலேயே கட்டிப்போட்டிருக்கிறான். அதைத் துடைக்க ஒரு துணி போதாது. படகின் மூக்கைப் பாக்ஸோஸ் பக்கமே வைத்துப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்தேதான் பிடித்தாள். ஸ்தாதிஸ் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. திரும்பலாம் என்றும் சொல்லவில்லை. இஞ்சி பிஸ்கட்டை எடுத்து ஓரத்தில் கடித்தான்.

பத்தாவது நிமிஷம் சக்கரத்தைச் சுற்றினாள். அலை படகின் பின்னால் வந்தது.

"என்ன பண்றே?"

"கஸ்தோஸ்."

"பாக்ஸோஸ்தானே உனக்கு வேணும்?"

"அங்க ரொட்டி கிடைக்காதுன்னு ஒரு மெக்கானிக் சொன்னான்."

பாலம் மறுபடி திறக்கிற வரைக்கும் காத்திருந்து, கால்வாய் வழியே தெற்கே இறங்கி, உள்கடலுக்குள் போனார்கள். தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது. ஸ்தாதிஸுக்குக் காதில் நிறம் திரும்பியது. வழியில் அவள் இன்னும் சில கேள்வி கேட்டாள், அவன் பதில் சொன்னான். பிஸ்கட்டைச் சுட்டது யார் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அதைக் கஸ்தோஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

துறையில் கயிற்றை வாங்கியது வாஸோதான். அறுபது வயது, கழுத்தில் மூக்குக்கண்ணாடி, ஒரு கால் கொஞ்சம் சாய்ந்த நடை. சக்கரத்தில் நின்ற லம்பிரினியை ஏற இறங்கப் பார்த்தாள். லம்பிரினியும் அவளைப் பார்த்தாள். மெத்தையைத் தூக்கிப் பார்க்கிற பார்வை.

வாஸோ கடைக்குள் போய் ஒரு தட்டில் இரண்டு ரஸ்க்கும் நறுக்கின எலுமிச்சையும் கொண்டுவந்து ஸ்தாதிஸ் முன்னால் வைத்தாள்.

"எடுத்தியா?"

"ரெண்டு தடவை."

"பரவாயில்லையே. முதல் நாள் ஆறு." பிறகு லம்பிரினி பக்கம் திரும்பினாள். "நீதானாம்மா அந்தப் பாக்ஸோஸ்? எனக்கும் இதே வியாதிதான். அதான் பிஸ்கட்டெல்லாம் சுட்டுக் குடுத்தேன். கடலைப் பழகிக்கணும்னு புதன்கிழமைதோறும் வந்து, பதினோரு தடவை ரஸ்க்தான் தின்னான். பன்னண்டாவது தடவை வறுத்த மீன் கேட்டான். அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டு வாடான்னேன். இவன் இன்னொரு தடவை பாத்துக்கிறேன்னான். நீ பாக்ஸோஸ்னு சொன்னதும் அதுவும் போச்சு."

"மூணு நாள் உங்களைத்தான் கேட்டுட்டு இருந்தானா?"

"போன்ல. வேண்டாம்டா, நீ செத்துப்போயிடுவடான்னு சொன்னேன். அவ கேட்டுட்டாளேன்னான்."

லம்பிரினி ரஸ்க்கில் ஒன்றை எடுத்து உடைத்து, பாதியை அவன் தட்டிலேயே வைத்தாள். போன் அடித்தது. அரேத்தி.

"என்னடீ ஆச்சு? வேனை எடுத்துட்டு வரணுமா?"

"வேண்டாம். போய் அந்தக் கண்ணாடிப் பெட்டி மேல தூசி தட்டணும், அவ்வளவுதான்."

சாப்பிட்டு முடிந்ததும் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். மூலைக்கு எலுமிச்சைத் தட்டை வைத்தாள். இன்னும் நான்கு நாள் இருந்தது. விரலால் அளந்தாள். இங்கேயிருந்து இத்தாக்கி. நடுவில் திறந்த கடல் ஒரு மணி நேரம், காலையில் போனால் அலை குறைச்சலாக இருக்கும்.

"ஒரு மணி நேரம் தாங்குவியா?"

"பிஸ்கட் இருக்கு" என்றான் ஸ்தாதிஸ்.

"எத்தனை?"

"நிறைய இருக்கு."

லம்பிரினி எழுந்து படகுக்குள் போய், டப்பாவைத் திறந்து, எண்ணிப் பார்த்தாள்.